அஜ்ரக் கணக்கு

சுக்கூர் அணையின் கதவுகளை இறக்கிவிட்டார்கள்.
ஜனவரி அடைப்பு.
வாய்க்காலில் மிச்சம்
முழங்கால் தண்ணீர், பிளாஸ்டிக் பைகள்,
எருமைகள் கலக்கிவிட்டுப் போன சேறு.

அதற்குள் ஒரு புலான்,
சிந்து ஆற்றின் குருட்டு டால்பின்,
சிக்கிக் கிடக்கிறதென்று
மீர்பஹர் பையன் சைக்கிளில் வந்து சொன்னான்.
வனவிலங்குத் துறை வண்டி
ஷிகார்பூரில் அச்சு முறிந்து நிற்கிறதாம்.
அன்றிரவு ஓடுகிற நிலையில் இருந்தது
என் பிக்கப் ஒன்றுதான்:
இருபக்கமும் வேட்பாளரின் சிரிப்பு,
கூரைமேல் இரண்டு ஒலிபெருக்கி,
பின்னால், நாளைய மேடையில் பெரிய தோள்களுக்குப் போர்த்த
காகிதம் பிரிக்காத ஏழு அஜ்ரக்.

ஓடி வருகிறேன் என்று நான் சொல்லவில்லை.
டீசலுக்கு யார் பொறுப்பு என்றுதான் கேட்டேன்.
பச்சல் மீர்பஹர் என் முகத்தைப் பார்த்தான்.
பிறகு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

ஆறு பேர் சேற்றில் இறங்கினோம்.
வலை சுற்றி நெருங்கியபோது
அது திமிறவில்லை. பெண் என்றான் பச்சல்.
இடுக்கிபோல் நீண்ட வாய், ஊசி ஊசியாய்ப் பல்,
கண் இருக்கவேண்டிய இடத்தில்
குண்டூசி குத்தி எடுத்த அளவு ஒரு துளை.
"சத்தம் போட்டுத்தான் பார்க்கும்" என்றாள்
துறையிலிருந்து பஸ் பிடித்து வந்த ஸர்வத்.
"திரும்பி வரும் சத்தம்தான் அதற்குக் கரை, மீன், மனிதன் எல்லாம்.
வழியில் யாரும் வாய் திறக்க வேண்டாம்."

தோல் காயக்கூடாதாம். நனைத்துப் போர்த்த
ஒரு சாக்குகூட இல்லை.
எல்லோரும் என் வண்டிக்குள் பார்த்தார்கள்.
நான் வானத்தைப் பார்த்தேன்.
காகிதம் கிழியும் சத்தம் கேட்டது.

சிவப்பும் நீலமும் வாய்க்காலில் முங்கி எழுந்தன.
முதுகுக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று, விலாவுக்கு இரண்டு,
மூச்சுத் துளையை மட்டும் விட்டு
நட்சத்திரம் அச்சிட்ட துணியால் போர்த்தினோம்
ஓட்டில்லாத அந்த விருந்தாளியை.

நாற்பது நிமிடம்.
ஒவ்வொரு வேகத்தடையிலும்
முட்டை ஏற்றியவனைப்போல் ஏறி இறங்கினேன்.
ஒரு குலுக்கலில் சுவிட்சில் கை பட்டு
"என் அருமைச் சகோதரர்களே!" என்று ஒலிபெருக்கி தொடங்க,
பின்னால் அது துடித்த துடிப்பில் வண்டியே ஆடியது.
பச்சல் எட்டி ஒயரைப் பிடுங்கினான்.
அதற்கப்புறம் அரை நிமிடத்துக்கு ஒருமுறை
அதன் மூச்சு மட்டும்,
யாரோ தும்மலை அடக்கிக்கொள்வதுபோல.

சோதனைச் சாவடியில் டார்ச் அடித்த காவலர்
"பின்னால் யாரடா?" என்றார்.
"கண் தெரியாதவள், ஸாயீன். வீட்டில் விடப் போகிறோம்."
ஒளி போர்வைமேல் தலையிலிருந்து வால்வரை ஓடியது.
என்ன நினைத்தாரோ,
துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டு
கயிற்றைத் தாழ்த்தினார்.

ஆற்றின்மேல் மூடுபனி. மறுகரையே இல்லை.
இடுப்பளவு நீரில் நின்று
துணிகளை ஒவ்வொன்றாய் உரித்தோம்.
அது உடனே போகவில்லை.
ஒருக்களித்துச் சாய்ந்து, ஒரு துடுப்பால் தரையைத் தடவி,
எங்கள் கால்களைச் சுற்றி ஒருமுறை.
காதுக்கு எட்டாத எதையோ
என் முழங்காலில் எறிந்து
திரும்பி வந்ததை எடுத்துக்கொண்டு போயிற்று.

எண்ணினால் ஆறுதான் இருந்தன.

மறுநாள் அவசரமாய் உலர்த்திய அஜ்ரக்குகள்
மேடையில் தோள்தோளாய் ஏறின.
முன்வரிசை மூக்கைச் சுளித்தது.
பின்னால் நின்ற மீர்பஹர்கள் மட்டும்
விடாமல் கைதட்டினார்கள்.
தனக்கென்று நினைத்துக் கையசைத்தார் வேட்பாளர்.

ஏழாவதின் விலையை என் கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.
கேட்டால் பச்சல் பாதி தருவான்.
கேட்கவில்லை.
டீசல் காசு மட்டும்
ஒருநாள் கேட்கலாமென்று இருக்கிறேன்.