பத்துக்கு எத்தினி

எம்.சி. ரோட்டில், பட்டுப்பாவாடைக் கடைக்கு மேலே
இரண்டாவது மாடியில் ஜெர்மனி இருக்கிறது.
ஏணி மாதிரிப் படி. ஏறினால்
பன்னிரண்டு நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை,
ஜெர்மனிக்கு இதுவரை போகாத நெகேமியா சார்.
ஸ்டான்லியில் நைட் டூட்டி முடித்து
முகம் கழுவாமல் வந்து உட்காருகிறேன்.
இன்றைய பாடம்: வலி.

ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள்
என்று நோயாளியிடம் கேட்க வேண்டும்.
'ஸீ' போட்டுக் கேட்க வேண்டும். ஸீ என்றால் நீங்கள்.
எங்கள் தெருவில் 'நீங்க' என்று ஒருத்தர் ஆரம்பித்தால்
கடன் வசூலுக்கு வந்த ஆள் என்று அர்த்தம்.
அங்கே அக்கா கிடையாது, தாயி கிடையாது, நைனா கிடையாது.
ஃப்ராவ் லேமன். ஹெர் ஃபோக்ட்.

மண்ணடி ஷம்ஷாத் பெஞ்சில் படுத்து நோயாளி ஆனாள்.
ஏழு என்றாள். எழுதிக்கொண்டேன்.
நல்லது என்றார் சார். பாடம் முடிந்தது,
யாருக்கும் எங்கும் வலிக்காமலே.

அன்று ராத்திரி வார்டில்
பன்னிரண்டாம் கட்டில் ஏகவள்ளியிடம் கேட்டுப் பார்த்தேன்.
காசிமேட்டு ஏலத்தில் முதல் ஆளாய் நிற்கிறவள்.
காலில் கம்பி வைத்து மூன்று நாள்.
'யக்கா, வலி பத்துக்கு எத்தினி?'
கூடை தூக்கின கழுத்தை
ஒருபக்கமாய்ச் சாய்த்தாள்.
'ஏழுன்னு வச்சிக்கோ.
நீ எவ்ளோக்கு முடிப்பே, அத்தச் சொல்லு.'
பக்கத்துக் கட்டில்காரிக்குத் தையல் பிரிகிற சிரிப்பு.
'அஞ்சுக்கு முடிச்சிக்கலாம்க்கா.'
'நாலு.'
நாலுக்குப் படிந்தது. ஊசி போட்டேன்.

விளக்கணைத்த பிறகு, யாரும் எண் கேட்காதபோது,
அவளாகச் சொன்னாள்:
'முட்டிக்குக் கீழ குத்தல்மா. அதுக்கும் கீழ
வலையக் கட்டி இழுக்கறா மாதிரி இழுக்குது.
விடியங்காட்டியும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.'

அடுத்த வாரம், புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்
பொடி எழுத்தில் ஒரு பட்டியல்.
பரீட்சைக்கு வராது என்று சார் தாண்டப் பார்த்தார்.
ஷ்டெஹெண்ட், குத்துகிற வலி.
பொஹெண்ட், தெறிக்கிற வலி.
ட்ஸீயெண்ட், இழுக்கிற வலி.

இழுக்கிற வலியா?
பனி பெய்கிற ஏதோ ஊரில்
ஏதோ ஒரு ஃப்ராவ் லேமன் காலையும்
யாரோ இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.
அங்கே எதைக் கட்டி இழுப்பார்களோ,
அது மட்டும் புத்தகத்தில் இல்லை.

நோட்டின் நடுவே கோடு கிழித்தேன்.
எப்படி இருக்கீங்க என்றால் சிலபேர் அங்கே
'முஸ்' என்பார்களாம். ஒற்றைச் சொல். ஆகணுமே என்று.
எதிரே எழுதினேன்: ஏதோ ஓடுது.
அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் மாதிரி உட்கார்ந்தது.
'உயிர் போவுது' என்பதற்கு எதிரே
பத்து என்று போடச் சொன்னார் சார்.
அங்கே அப்படியே சொல்லிவிடாதே,
மணி அடித்து நாலுபேர் ஓடி வருவார்கள்.
இங்கே அதைச் சொல்லிக்கொண்டே டீ கேட்பார்கள்,
நேற்றைய சீரியலில் அவள் செத்தாளா என்று கேட்பார்கள்.
அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

ஏகவள்ளி வீட்டுக்குப் போன அன்று
ஆட்டோவில் காலை நீட்டிக்கொண்டு 'வர்ட்டா' என்றாள்,
உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
ஆஸ்பத்திரி வாசலில் சொல்லக் கூடாத சொல்.
'வராத, ஒழுங்கா போ' என்று விரட்டினேன்.
கல்மண்டபம் பக்கம் திரும்பும்வரை
வெளியே கை ஆடிக்கொண்டிருந்தது.

ஔஃப் வீடர்ஸேஹன்.
மறுபடி பார்ப்போம் என்று அர்த்தமாம்.
அங்கே நர்ஸிடம் அதைச் சொல்லலாமா,
சொன்னால் நாக்கைக் கடிப்பார்களா,
சாரைக் கேட்டேன்.
மார்க்கர் மூடியைத் திறந்தார். மூடினார்.
கீழே, கடை ஷட்டரை ஏற்றுகிற சத்தம்.