வளைய எண் 41, வளைய எண் 42

பெரியதாய் வேண்டுமென்றுதான் போனேன்.
வெள்ளையாய், தொப்பை தரையில் உரச,
பார்த்தவர் ஒதுங்கி வழிவிடும்படி.
இருபத்தாறு வருஷம் கல்மார் பாலத்தில்
பேருந்து ஓட்டியவளுக்கு
அந்த ஆசை இருக்காதா?

சிக்ஸ்டன் ராப் என் முகத்தைப் பார்க்கவில்லை,
பூட்ஸைப் பார்த்தார்.
புல் எவ்வளவு?
கால்பந்துத் திடலில் பாதி.
மண்?
கல். சுண்ணாம்புக் கல்.
அதன்மேல் வெட்கப்பட்டு முளைத்த ஏதோ கொஞ்சம்.
அப்படியானால் உனக்கு இதுதான் என்று
கொட்டகைக் கதவை முழங்காலால் தள்ளினார்.

ஓலந்துத் தீவின் சொந்தப் பெருவாத்து.
பெருவாத்து என்று பேர்தான், சின்னது.
வெள்ளை உடம்பில் யாரோ அவசரத்தில்
சாம்பலைக் கொட்டிவிட்டுப் போன திட்டுகள்.
ஒன்றின் திட்டு மற்றொன்றுக்கு இல்லை.

எழுதிக்கொள் என்றார். பேனா இல்லை.
மாலையில் ஒரு கைப்பிடி ஓட்ஸ், மிச்சம் புல்லின் பொறுப்பு.
கொழுக்க வைத்தால் முட்டையில் உயிர் தங்காது.
குளம் வேண்டாம், தலை முங்கும் ஆழத்தில் தொட்டி போதும்,
மூக்கைக் கழுவ முடியாவிட்டால் கண் கெடும்.
தூக்கும்போது காலைப் பிடிக்காதே,
இறக்கையோடு சேர்த்து அணைத்துக்கொள்.
ஒற்றையாய் வாங்காதே.
ஒற்றை வாத்து உன்னையே கட்டிக்கொள்ளும்.
நீ கடைக்குப் போய்வரும் நேரமெல்லாம் அது விதவை.

நாலு பக்கப் படிவம்.
வேறு இனத்தோடு கலக்க விடமாட்டேன் என்ற வரிக்குக் கீழே
கையெழுத்து.
என் கல்யாணத்தில்கூட இவ்வளவு நிதானமாகப் போட்டதில்லை.
நீல வளையங்கள் இரண்டு: 41 சேவல், 42 பெடை.
கழுத்து நீளத்தை வைத்துச் சொன்னார்.

பனிக்காலம் முழுக்கப் படித்தேன், தப்புத் தப்பாய்.
ஈர வைக்கோலை மாற்ற மறந்தேன்.
ஒருநாள் கதவைச் சாத்த மறந்து
விடியற்காலை இரண்டு மணிக்கு டார்ச்சோடு ஓடினேன்.
நரியின் தடம் பனியில் வாசல்வரை வந்து
திரும்பியிருந்தது.
உள்ளே இரண்டும் அடுப்பில் வைத்த கெட்டில்போல
என்னைப் பார்த்துத்தான் சீறின.

மார்ச் போனது. முட்டை இல்லை.
ஏப்ரல் கடைசியில் ஊரே தீ மூட்டி
வசந்தத்தைக் கூப்பிட்டது. முட்டை இல்லை.
பக்கத்துப் பண்ணை இங்கெயர்த்
42-ஐ மடியில் மல்லாத்தி, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி,
இதுவும் சேவல்தான் ஆஸ்தா என்று சொல்லி முடிப்பதற்குள்
41 பாய்ந்து வந்து அவள் பாவாடையைக் கிழித்தது.

தப்பு என்னுடையது என்றார் சிக்ஸ்டன், போனில்.
42-ஐக் கொண்டுவா, பெடை தருகிறேன்.
மிச்சமிருப்பதே சில நூறு.
ஒவ்வொன்றும் கணக்கு.

கணக்கு எனக்குப் புரியும்.
கூண்டைப் பின்சீட்டில் வைத்துக் கிளம்பினேன்.
கல்வேலியை ஒட்டி 41 நடந்து வந்தது.
கத்தவில்லை. அதுதான்.
ஊரைக் கூட்டும் பிறவி, வாயைத் திறக்கவில்லை.
தபால்பெட்டிவரை பக்கக் கண்ணாடியில் தெரிந்தது,
சின்னதாகிச் சின்னதாகி.

இருபத்தாறு வருஷத்தில்
பேருந்தின் பின்னால் ஓடிவந்த ஒருவருக்கும்
நான் நிறுத்தியதில்லை.
நேரம் என்றால் நேரம்.

பிரேக்கை மிதித்தேன்.

சிக்ஸ்டன் கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு இன்னொரு ஜோடி விற்றார், விலை குறைக்காமல்:
57, 58. இந்தமுறை
பணம் கொடுக்குமுன்பே இங்கெயர்த் மல்லாத்திப் பார்த்தாள்,
பழைய பாவாடை உடுத்தி வந்து.

மறுவருஷம் ஜூனில் 58-இன் பின்னால் ஐந்து மஞ்சள் குஞ்சுகள்.
ஒரு பக்கம் 57,
மறுபக்கம் 41, 42.
தபால்காரர் வேலிக்கு வெளியிலிருந்தே
கடிதங்களை எறிகிறார்.

அதில் ஒன்று, வருடாந்தரப் படிவம்.
ஜோடி: 41, 42.
முட்டை: இல்லை.
காரணம் என்ற கட்டம் அரை அங்குலம்.
ஓட்ஸ் கலத்தின் மூடிமேல் வைத்து
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
மூலையை 42 மென்றுவிட்டது.