செக்குபந்தி

காவேரிப்பட்டணம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் பின்கட்டில்
நாளைக்கு ஒன்பது கிரயம், இரண்டு செட்டில்மென்ட்,
முகூர்த்த நாளென்றால் இருபதும் அடிப்பேன்.
பிறர் பூமிக்கு நான்கு எல்லை சொல்லிச் சொல்லி
என் கழுத்துக்கு எல்லை தெரியாமல் போயிற்று.

"வடக்கில் சென்னப்பன் பூமி, தெற்கில் வண்டிப்பாதை"
என்று தட்டும்போதே
வலது தோளில் ஒரு முள் மெல்ல நகரும்.
மதியத்துக்குள் முழங்கையை அது கிரயம் பெற்றுவிடும்.
மாலையில் சுண்டுவிரல் வரை பட்டா மாறியிருக்கும்.

கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரியில்
பிசியோதெரபி பரிமளா மேடம்
மாத்திரைச் சீட்டின் பின்பக்கம் எழுதித் தந்தார்:
முழங்கை மேசை மட்டத்தில்.
திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேர்.
பாதம் தரையில் பதியணும்.
அரைமணிக்கொரு தடவை எழுந்து நட.
நடுநடுவே தூரத்தில் எதையாவது பார்.

எதையாவது என்றால் இங்கே பாறைதான்.
சன்னலில் ஒரு குன்று,
அதன்மேல் ஒன்றின் மடியில் ஒன்றாக மூன்று.
யாரும் சீட்டு எழுதித் தராமலே
எவ்வளவு சரியாக உட்கார்ந்திருக்கின்றன.
விழுந்துவிடும் என்று பயப்படுவது நான் மட்டும்தான்.

மற்றதை என் வசதிப்படி செய்தேன்.
திரையை வழிகாட்டி மதிப்புப் புத்தகம் இரண்டின்மேல் ஏற்றினேன்.
நாற்காலி, ஓசூரில் ஒரு கம்பெனி மூடியபோது
எடைக்கு எடை வந்தது. ஐந்து சக்கரத்தில் நான்கு உண்டு.
உயரம் அதிகம், கால் எட்டவில்லை.
மாங்கூழ் ஆலைக்குப் போகும் மஞ்சள் கிரேட் ஒன்றைக் கவிழ்த்து
அடியில் போட்டுக்கொண்டேன்.
இரண்டு வருஷம்
அதன் கட்டங்கள் என் உள்ளங்காலில் அச்சாகின.

வைகாசியில் ஒரு புதன்கிழமை சர்வர் படுத்துவிட்டது.
வாங்குகிறவர் டீக்கடைக்குப் போனார்.
விற்கிறவர் போகவில்லை. முனிரத்தினம்,
எண்பத்தேழு சென்ட், மல்கோவா பதினொன்று, நீலம் ஆறு.
மேடம் சொன்ன நடையை
குழாயடி வரை நடந்துவிட்டுத் திரும்பினால்
என் நாற்காலியில் அவர்.

எழுந்திருங்க என்று வாய் வரவில்லை.
விடியலிலிருந்து நின்ற கால்கள் அவை.
நின்றபடியே அடித்தேன் அவருடைய சொத்து விவரத்தை:
மேற்கில் ஓடை, கிழக்கில் மேற்படியார் தம்பி பூமி.
"கெணத்துல பாதி பாத்தியம் எழுதிட்டியாம்மா?"
எழுதிட்டேங்க.

அவர் கை இருக்கைக்கு அடியில்
தன்போக்கில் எதையோ துழாவியது.
உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு.
அவருடையது என்று நினைத்தேன்,
நாற்காலியுடையது.
நாலு விரற்கடை இறங்கிப் பதிந்தது.

"டிராக்டர் சீட்டுலயும் இப்படி ஒரு காது இருக்கும்.
பதினெட்டு வருஷம் ஓட்டுனேன்.
துரு. ரெண்டு தடவ இழுத்துத் தள்ளுனா வழிக்கு வந்துரும்."

இரண்டு வருஷமாக அது உடைந்தது என்றிருந்தேன்.

சர்வர் வந்தது. கைரேகை வைக்கப் போனார்.
உட்கார்ந்தேன். இருக்கை சூடாக இருந்தது.
பாதத்துக்கடியில் சிமெண்டு, சில்லென்று.
ஒரு புத்தகத்தை உருவினேன்,
திரை கண்ணுக்கு இறங்கி வந்தது.

கிழக்கில் திரை.
மேற்கில் நாற்காலியின் முதுகு.
வடக்கில் ஸ்கேனர்.
தெற்கில் சன்னலும் மூன்று பாறையும்.
இதற்கு மத்தியில் பட்ட
ஐந்தடி ஓரங்குலம் விஸ்தீரணமுள்ள நான்.
வில்லங்கம்: தோளில் அந்த முள்.
அது இன்னும் காலி செய்யவில்லை.

திரும்பி வந்தவர்
மூலையில் கிடந்த கிரேட்டைக் காலால் தட்டி,
இது வேணுமா என்றார்.
இனி வேண்டாம்.
பத்திரப் பையை அதில் போட்டுக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"மரத்துல கொஞ்சம் காய் கெடக்கு.
இந்த வருஷக் காய் எனக்குன்னுதான் பேச்சு."

அதைப் பத்திரத்தில் எழுதச் சொல்லவில்லை அவர்.