பன்னிரண்டுக்கு ஆறு

வெளியே பன்னிரண்டு மில்லி, உள்ளே ஆறு.
கிளிநொச்சிக் கடைகளில் எல்லாம்
திரைச்சீலைக் குழாய்தான்.
அமத்தினால் நெளியும்.

"உவ்வளவு மொத்தம் என்னத்துக்கு?"
மூன்றாவது கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.
கச்சான் உடைக்கிற மெசினுக்குப் புஷ் போட
என்றேன்.
இரண்டு தரம் சொன்னேன்.

விசுவமடுவில், பழைய இரும்புக் குவியலைக்
காலால் புரட்டித்
தவறூபன் எடுத்துத் தந்தான் ஒரு சாண் துண்டு.
அரத்தால் தேய்க்க, துருவுக்குக் கீழே வெள்ளை.
கையோடு கொண்டுபோன ஆறு மில்லி அலகு
உள்ளே போய் ஆடாமல் நின்றது.

எதிலிருந்து கழன்றது என்று நான் கேட்கவில்லை.
அவனும் தராசையே பார்த்துக்கொண்டிருந்தான்.
நானூறு ரூபாய்.

வழியில் இப்போது சோதனைச் சாவடி இல்லை.
என்றாலும் பைக்குள் வைக்காமல்
சைக்கிள் ஹாண்டிலில்,
எல்லாருக்கும் தெரிய,
கட்டிக்கொண்டு வந்தேன்.