நான்கு நொடி

புர்னோ நகர அருங்காட்சியகத்தின் நிலவறையில்
பெட்டி எண் நாற்பத்தேழு.
மூடிமேல் ஜெர்மன் மொழியில் ஒரே சொல்,
ஒழுக்கக்கேடு.
கீழே ஆண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று.
அதற்கும் கீழே வட்டமாய்க் காப்பிக் கறை.
எந்த அதிகாரியின் கோப்பை என்று குறிப்பில்லை.

டிராஹோமிரா வெள்ளைக் கையுறை மாட்டுகிறாள்.
கண்ணாடித் தகடுகள் பன்னிரண்டு.
விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தால்
வெளிச்சம் இருட்டாகவும் இருட்டு வெளிச்சமாகவும்
இடம் மாறி நிற்கிறார்கள் இருவர்.
சவுக்கு ஓங்கிய ஒருத்தி.
அவள் காலடியில்
டைகூடக் கழற்றாத ஒருவன்.

மேல்மாடியில் இதைவிடப் பழையது இருக்கிறது.
பித்தளைக் கெண்டி.
நாலு காலில் தவழும் கிழட்டுத் தத்துவஞானி,
முதுகில் ஏறிக் கடிவாளம் பிடித்தவள்.
விருந்துக்கு முன் பாதிரிமார்
அந்தக் கிழவன் நெற்றியிலிருந்து வழிந்த நீரில்தான்
கை கழுவினார்களாம்.
அதற்குத் தனி விளக்கு. பள்ளிப் பிள்ளைகளின் வரிசை.

நிலவறைக்கு வரிசை வருவதில்லை.

கோப்பைப் புரட்டுகிறாள்.
ஒட்டீலியே ஹனாக்கோவா, முப்பத்தொன்று, தொப்பி தைப்பவள்.
லெயோபோல்ட் வாட்ஸெக், கையுறைக் கடைக் கணக்கர்.
கைப்பற்றியவை:
பூட்ஸ் ஒரு ஜோடி, ஆண் அளவு,
உள்ளே கசக்கித் திணித்த செய்தித்தாள்.
சவுக்கு ஒன்று, குதிரைவண்டிக்காரனிடம் வாடகை,
இருபது ஹெல்லர், ரசீது உண்டு.
தகடுகள் பதினாறு.

பன்னிரண்டுதானே இருக்கிறது?
ஓரத்தில் சிவப்பு மையில் பதில்:
நான்கு தகடுகள் மேலதிகாரியின் பரிசீலனையில்.

இன்னும் பரிசீலிக்கிறார் போலும்.

அன்றைய தகடு மந்தமானது.
ஜன்னல் வெளிச்சம் மட்டும், அதுவும் மழை வெளிச்சம்.
நான்கு நொடி யாரும் அசையக் கூடாது.
மண்டியிட்டவனைத் தரை தாங்கும்.
ஓங்கிய கையை எது தாங்கும்?
ஆள்பவள்தான் சிலையாக வேண்டியிருந்தது.

ஆறாவது தகட்டில் பூதக்கண்ணாடி நிற்கிறது.
அவன் தொடைக்கு அடியில் மறைந்த உள்ளங்கையில்
ரப்பர்க் குமிழ். அதிலிருந்து ஒரு குழாய்
கம்பளத்தின் ஓரமாக ஊர்ந்து
கேமராவுக்குப் போகிறது.
கட்டளை எல்லாம் அவளுடையது,
'இப்போது' மட்டும் அவனுடையது.

யார் யாரைக் கட்டாயப்படுத்தியது, என்று கேட்டிருக்கிறார்கள்.
அவன் சொன்னது:
ஞாயிற்றுக்கிழமை, மழை, வேறெங்கே போவது.
அவள் சொன்னது:
வாரம் ஆறு நாள் முதலாளியம்மா கத்துவாள்,
நான் தலை குனிவேன்.
அதைப் படமெடுத்தார்கள் என்று
நீங்கள் யாரையும் பிடித்ததில்லை.
எழுத்தர் இந்த வாக்கியத்தை அடித்திருக்கிறார்.
அடித்த கோட்டுக்குக் கீழே நன்றாகவே படிக்க முடிகிறது.

அடித்த என்று எழுதுகிறேன், கை நிற்கிறது.
என் மொழியில் அடி என்றால் பாதம்.
விழுகிற வீச்சும் அடி.
பாட்டில் ஒரு வரியும் அடிதான்.
கடவுளின் முன்னே 'நான்' என்று சொல்லக் கூசி
அடியேன் என்றவர்கள் நாங்கள்.
இத்தனையும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்க
எந்தக் காவலரும் வந்து கதவு தட்டவில்லை.
புர்னோவில் தட்டினார்கள்.

கடைசித் தகடு.
சவுக்கு தரையில், யாருக்கும் வேண்டாமல்.
பூட்ஸ் கழன்று, செய்தித்தாள் பாதி வெளியே.
குமிழ் இப்போது அவள் கையில்.
அவன் தெளிவாக விழுந்திருக்கிறான்,
வழுக்கையும் கொஞ்சம் வெட்கமும்.
அவள் முகம் மட்டும் கலங்கல்.
சிரித்திருப்பாள்.
தும்மியும் இருக்கலாம்.

பட்டியலில் ஒரு கட்டம் காலி: பொருள்.
முன்பு எவரோ எழுதிய ஒழுக்கக்கேட்டைச் சுரண்டிவிட்டு
'ஆதிக்கம்' என எழுதப் போகிறாள் டிராஹோமிரா,
எழுதவில்லை.
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எழுந்து
பென்சிலை ஓங்கி
அப்படியே நிற்கிறாள்.

ஒன்று.
இரண்டு.

மூன்றிலேயே கை நடுங்குகிறது.