உணவு தொடர்பானது

ஒன்பதாம் மாடியில் ஏர்கோன் எப்போதும் பதினெட்டில்.
இரண்டு சுவெட்டர் மாட்டிக்கொண்டு
இன்னொருத்தியின் காலையைத் திறக்கிறேன்.

பெயர் எனக்குத் தரவில்லை. இலக்கம் மட்டும்: 0417.
ஆனால் எல்லாரும் அவளைத்
தவமலர் அக்கா என்றே கூப்பிடுகிறார்கள்.
அக்காவுக்கு மலாயில் அழகான சொல் இருக்கிறது.
பைலில் அதற்குக் கட்டம் இல்லை.
சப்ஜெக் என்று போடச் சொன்னார்கள்.

காலை 6.40. வாட்ஸ்அப்பில்
பதினொரு பேருக்கு ஒரே வரி:
'பசியாறியாச்சா?'

தினமும் அதே நேரம், அதே சொல், அதே பதினொரு பேர்;
சங்கேதமா என்று கேட்டார் துவான் ஹைரில்.
இல்லை துவான், காலைச் சாப்பாடு.
அவர் மேசையில் நாசி லெமாக் பொட்டலம்
பிரிக்காமல் ஆறிக்கொண்டிருந்தது.
எதற்கும் எழுதிவை, என்றார்.
எழுதினேன்: உணவு தொடர்பானது.

பெரிய ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் பெண்கள்.
குத்தகைக்காரன் ஏழு மாதமாக இபிஎஃப் கட்டவில்லை.
அதைக் கேட்கத்தான் இந்தக் குழு.
அதைப் படிக்கத்தான் மூன்று அதிகாரிகள்,
ஒரு நிலவறை நிறைய இயந்திரம்,
மணிக்கு முப்பது ரிங்கிட்டுக்கு நான்.

இயந்திரம் சில சொற்களைச் சிவப்பாக்கி அனுப்பும்.
'குண்டு வந்தாச்சு, வேனைத் திருப்பு.'
குண்டு என்பவன் குணாளன், நூற்றுப் பத்து கிலோ,
சிரித்தால் வேனே ஆடும் என்று நிறுவ
நான்கு பக்கம் பிடித்தது.
சாட்சிக்கு அவனுடைய பிறந்தநாள் படத்தை இணைத்தேன்,
மூக்கில் கேக்கோடு.
காப்பாற்றிவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.
அதுவரை பைலில் அவன் முகம் இல்லை.

'கொன்னுட்டக்கா!'
அவள் கேட்டருகே பேசிய மறுநாள் வந்தது.
அதற்கும் ஒரு பக்கம். பாராட்டு, கைத்தட்டல் போல.

'பாத்துக்கலாம்' வந்தபோதுதான் தடுக்கினேன்.
பகலில் சூப்பர்வைசருக்கு ஒரு முறை அனுப்பியிருந்தாள்.
இரவில் தங்கை உமையாளுக்கு ஒரு முறை,
மார்பில் ஏதோ கட்டி, திங்கட்கிழமை ரிசல்ட்,
பயமா இருக்குக்கா என்று அவள் எழுதியதற்கு.
ஒரே சொல். எழுத்துப் பிசகுகூட ஒன்றே.
மிரட்டலும் அதுதான், மடியும் அதுதான்,
கடன்காரனைத் தள்ளிப்போடுவதும் அதுதான்.
தமிழ் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளும்.
மலாயில் நான் ஒன்றை எடுத்தாக வேண்டும்.

மணி ஐந்தரை. வெளியே மழை கொட்டுகிறது.
ஜாலான் துன் ரசாக் முழுக்கச் சிவப்பு விளக்கு.
டியூஷன் வாசலில் மகள் நனைந்துகொண்டிருப்பாள்.
இரவுக்குரியதை யோசித்து எழுதினேன்.
பகலுக்குரியதை யோசிக்காமல்.

புதன்கிழமை 6.40க்கு ஒன்றும் வரவில்லை.
வியாழன், பதினொரு பேரும் மாறி மாறி
'அக்கா?'
'அக்கா எங்க?'
'அக்கா போன் அடிச்சா எடுக்கல.'
எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன்.
வெள்ளிக்கிழமை பைலை மூடினார்கள்.

திங்கட்கிழமை யாரோ ஒரு மீன் வியாபாரியின் குரல்பதிவுகள்.
காதில் அவன் விலை சொல்கிறான்.
நான் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறேன்.
துவானிடம் கேட்கலாம். எப்படிக் கேட்பது?
சப்ஜெக்கின் தங்கைக்கு எப்படி இருக்கிறது என்றா?

நான்கு மாதம் கழித்து தித்திவங்சா ஸ்டேஷன்.
'செரி செரி, மெதுவா' என்ற குரல்.
முகம் தெரியாது எனக்கு; அந்தச் செரி தெரியும்.
நான் நினைத்ததைவிடக் குள்ளம்.
ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப்
பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.
பக்கத்தில் இருந்தவள் இந்த வெக்கையில்
கம்பளித் தொப்பி போட்டிருந்தாள், காதுவரை.

நின்றுகொண்டே பார்த்தேன் போல.
அக்கா நிமிர்ந்தாள்.
பெஞ்சிலிருந்த பையை மடிக்கு எடுத்துக்கொண்டு
உட்காருங்க, என்றாள்.

ரயில் வந்தது. என் திசை இல்லை.
ஏறிக்கொண்டேன்.