காதில் பூ

பகலில் என் வேலை சிப்புகளைச் சந்தேகிப்பது.
பாயான் லெப்பாஸ், தொழிற்பேட்டை,
உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு,
கண் மட்டும் வெளியே.
ஒன்று என்றால் ஒன்று, சுழி என்றால் சுழி.
நடுவில் தடுமாறுவது குப்பைக்கு.

இரவில் நான் வேறு மதம்.

பதினான்காம் மாடி. கோலாலம்பூரிலிருந்து வரும் கடைசி விமானம்
பால்கனியை உரசாத குறையாய் இறங்கிப் போனபின்
லிஃப்ட் ஓயும்வரை காத்திருப்பேன்.
ஃபிரிட்ஜை அணைப்பேன்
(லோகேந்திரன் ஐஸ்கிரீமை முன்கூட்டியே தின்று தீர்த்திருப்பார்).
ஸ்ட்ரீமரின் முகப்பு விளக்கையும் அணைப்பேன்.
வெளிச்சத்துக்கும் இரைச்சல் உண்டு என்றான் பூன் கியாட்,
பர்மா ரோடு மாடிக்கடையில்
கோப்பி ஓ ஆறுவதைப் பார்த்தபடி.
சிரித்தேன்.
வீட்டுக்கு வந்து அணைத்தேன்.

அவன் சொல்லித்தான்
மின்சாரத்துக்குத் தனிப்பெட்டி, அம்மிக்கல் கனம்.
ஸ்விட்சுக்கு அடியில் ரப்பர்க் கால்கள்.
ரௌட்டரை ஹாலின் மறுகோடிக்கு நாடுகடத்தினேன்,
செருப்பு அலமாரிக்குப் பின்னால்.
கடைசியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த நெட்வொர்க் கேபிள்:
ஒன்றரை மீட்டர், வெள்ளிப் பூச்சு, ஊதாச் சட்டை,
ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட்.
லோகேந்திரனிடம் நூற்றெண்பது என்றேன்.
ஒரேயொரு சுழியைத்தான் விட்டேன்.

குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.
செவ்வாய்: வீணையில் நகம் படுவது கேட்கிறது.
புதன்: மிருதங்கம் அரையடி பின்னால் போய் உட்கார்ந்தது.
வியாழன்: தம்புராவின் நாலு தந்தியும் தனித்தனியே.
மூன்றாவதில் லேசாய் ஒரு கரகரப்பு.
வெள்ளி: ஆலாபனை முடியும் இடத்தில் யாரோ மூச்சை விடுகிறார்கள்.
இத்தனை வருடம் எங்கே இருந்தது இந்த மூச்சு?

சனிக்கிழமை தூசு தட்டப் பின்பக்கம் குனிந்தேன்.
கேபிளின் ஒரு முனை ஸ்விட்சில்.
மறுமுனை
எதிலும் இல்லை.
தரையில், தூசுப் பஞ்சில் தலைவைத்து
நிம்மதியாய்ப் படுத்திருந்தது.

"திங்கக்கிழமை வேக்குவம் போட்டேனே,
எதையோ இழுத்த மாதிரிதான் இருந்துச்சு.
பாட்டு நிக்கலையே லா, அதான் விட்டுட்டேன்."

நிற்கவில்லைதான்.
கேபிள் போனதும் ஸ்ட்ரீமர் சத்தமில்லாமல் வைஃபைக்கு மாறிக்கொண்டது.
செருப்புகளுக்குப் பின்னாலிருந்து
காற்றிலேயே வந்திருக்கின்றன, நான்கு இரவும்,
நகமும் மூச்சும் அந்த அரையடியும்.

யார் என் காதில் பூச் சுற்றியது?
பூன் கியாட் நார் கொடுத்தான், அவ்வளவே.
பறித்ததும் தொடுத்ததும்
கண்ணாடி முன் நின்று அழகு பார்த்ததும் நான்.

வெள்ளை உடுப்புக்காரி வந்து நின்றாள்:
குறிப்பேடு குப்பைக்குத்தானே?
பொறு என்றேன்.
கம்பெனி பஸ்ஸில், பதினைந்து ரிங்கிட் இயர்போனில்
அதே ஆலாபனையை வைத்துப் பார்த்திருக்கிறேன்.
டீசல் உறுமலுக்கு அடியில்
அந்த மூச்சு இருக்கிறது.
இருக்கிறது என்று தெரிந்தவளுக்கு இருக்கிறது.
இதற்கு எந்த வரிசையில் மதிப்பெண் போடுவது
என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஞாயிறு இரவு லோகேந்திரனை உட்காரவைத்தேன்.
கையில் ஐஸ்கிரீம், ஆகவே ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது.
விளக்கை அணைக்க விடவில்லை.
கரண்டியை வாயிலேயே வைத்துக்கொண்டு
கேட்டார், நான் கேட்டதைவிட அசையாமல்.

"இப்ப... இதோ... மூச்சு, கேக்குதா?"

"மூச்சு தெரியல," என்றார்.
"அதுக்கு முன்னாடி யாரோ நாற்காலியைத் தள்ளுறாங்க."

மறுபடி வைத்தேன்.
மறுபடி.
ஒரு மரக்கால், சிமெண்டுத் தரையில்,
கால் நொடி.

குறிப்பேட்டை எடுத்தேன்.
ஞாயிறு: நாற்காலி.
கேபிள் சொருகியிருந்ததா இல்லையா
என்பதை எழுதவில்லை.